பிள்ளை பெற்றவளின் மனமும் பேணப்பட வேண்டும்



பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில தினங்கள் தாய் காரணமின்றிக் கண்ணீர் விடுவது இயல்பே; பெரும்பாலும் 2 வாரங்களுக்குள் அது தானே தணிந்துவிடும். அதற்கு மேலும் சோர்வு நீடித்து, உறக்கமும் உணவும் கெட்டு, குழந்தையிடத்தும் பற்றுக் குன்றுமாயின் அது நோய். கர்ப்ப காலத்திலும் அது தோன்றலாம். சோம்பல் என்று ஏசுவதும், பேய் பிடித்ததென்று வேப்பிலை அடிப்பதும் அதனைத் தீர்க்கா. கிராம சுகாதார செவிலியரிடம் கூறுங்கள். தக்க மருத்துவத்தால் குணமாகும்.

பிதற்றலோ, தனக்கோ குழந்தைக்கோ தீங்கிழைக்கும் எண்ணமோ தோன்றின், தாயைத் தனியே விடாது அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

2022-இல் அரசு தொடங்கிய மனநலத் தொலைபேசி எண் 14416, கட்டணமில்லை. இதனைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதி வையுங்கள். இரவில் கணவனும் மாமியாரும் குழந்தையைச் சற்று ஏந்தினால் தாய் உறங்குவாள், அதுவும் மருந்தே.