இருபத்தைந்து நாள் சிகிச்சையும் ஒரு குடும்பமும்



கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை என்றால், வழக்கமாக வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம், மொத்தம் 25 முறை. நம் ஊரில் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். மெஷினில் படுத்து எழ பத்து, பதினைந்து நிமிடம் போதும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக, செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா தினமும் விடிவதற்கு முன்பே பஸ் ஏறிச் சென்னைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணைக்கு மகன். இருவருமே கூலி வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், வீட்டின் இரண்டு வருமானமும் அன்றோடு நின்றுபோகிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லை. பள்ளிக்கூடம் போகிற பேத்தியைப் பக்கத்து வீட்டில் விட வேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று வாரம் போவதற்குள் வயிற்றுப்போக்கும் அசதியும் வந்துவிடும். 'கரண்டு வச்சா உள்ளே எல்லாம் கருகிடுமாமே' என்று யாராவது ஒருவர் சொல்லிவைப்பார். மறுநாள் அந்த அம்மா வரவில்லை.

இந்த நோய்க்கான சிகிச்சை முழுவதும், உடலுக்குள் கருவி வைத்துக் கொடுக்கும் உள்கதிர்வீச்சு உட்பட, எட்டு வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்திருக்கும் கணக்கு. இழுத்துக்கொண்டே போனால் குணமாகும் வாய்ப்பு குறையும். ஆக, பஸ் காசும் பயமும் பேத்தியும் மாடும்கூட மருத்துவ விஷயங்கள்தாம். இவற்றை மருத்துவமனை தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

ஆறுதல் சொல்லும் நல்ல நர்ஸ்கள் நம்மிடம் ஏராளம். ஆனால் நல்ல மனசுள்ளவர் அன்றைக்கு டியூட்டியில் இருந்தால்தான் உதவி கிடைக்கும் என்றால் அது நோயாளியின் அதிர்ஷ்டம். உதவி எல்லோருக்கும் கிடைக்க ஓர் ஏற்பாடு வேண்டும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் 1977-ல் மனநலத்துக்கென்றே முழுநேரப் பிரிவு ஒன்று தொடங்கியது. அதை நடத்தியவர் ஜிம்மி ஹாலண்ட் என்ற மனநல மருத்துவர். அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1990-களில் உருவாக்கிய அளவுகோல் மிக எளிமையானது. தாளில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் படம், பூஜ்யத்திலிருந்து பத்து வரை கோடுகள். 'போன ஒரு வாரத்தில் உங்கள் மனக்கஷ்டம் எந்த அளவு?' என்பது கேள்வி. நான்கோ அதற்கு மேலோ என்றால், அந்த நோயாளியிடம் உட்கார்ந்து பேச வேண்டும். கூடவே ஒரு பட்டியலும் உண்டு. போக்குவரத்து, பணம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, வீட்டாரோடு உறவு, தூக்கம், கடவுள் நம்பிக்கை என்று எது உறுத்துகிறதோ அதைக் குறித்துத் தரலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் நர்ஸ் வாயால் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை. பணப் பிரச்சினை என்றால் மருத்துவ சமூகப் பணியாளர், பயமும் குழப்பமும் என்றால் ஆலோசகர், தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் மனநல மருத்துவர் என்று அனுப்பும் வழி முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும். சேர்க்கும் நாளில் ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்திவிடவும் கூடாது. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் கட்டாயம் கேட்க வேண்டும். சுற்றியிருப்பவர்கள் 'அப்பாடா' என்று மூச்சுவிடும் அந்த நேரத்தில்தான், திரும்பவும் வந்துவிடுமோ என்ற பயம் நோயாளியைப் பிடித்துக்கொள்கிறது.

நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. டாக்டர் அறைக்குள் நுழையும் முன்பே மகன் ஓடிவந்து, 'அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டாங்க' என்பான். அது பாசம்தான். அதைக் கோபித்துக்கொள்ளும் ஆலோசகருக்கு இந்த வேலை சரிப்படாது. மகனை முதலில் பேசவிட வேண்டும். அவன் பயம் என்னவென்று கேட்க வேண்டும். பிறகு அம்மாவிடம் போய், 'உங்க உடம்புக்கு என்னன்னு உங்களுக்குத் தோணுதும்மா?' என்று மட்டும் கேட்டால் போதும். 'எனக்குத் தெரியாமலா? கூட உட்கார்ந்திருக்கிறவங்க எல்லாம் எதுக்கு வந்திருக்காங்கன்னு பார்க்கிறேனே. பிள்ளை அழுவான்னுதான் கேட்காம இருக்கேன்' என்று பதில் வருவதுண்டு. இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துத் தனித்தனியே அழுதுகொண்டிருப்பார்கள். அவர்களை ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவைப்பது ஒரு திறமை, அதற்குப் பயிற்சி வேண்டும்.

இதற்கெல்லாம் நம் பக்கத்திலேயே முன்மாதிரிகள் உண்டு. தன் தங்கை புற்றுநோயால் பட்ட பாட்டைக் கண்ணெதிரே பார்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். டாக்டர் சாந்தா தன் வாழ்க்கையையே கொடுத்து வளர்த்த அந்த நிறுவனத்தில், இன்று நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலித்தணிப்பு இயக்கம், ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பியது. 2008-ல் அது அரசின் கொள்கையாகவும் ஆனது. அங்கே உள்ளாட்சி அமைப்புகளும் இதற்குப் பணம் ஒதுக்குகின்றன. நம் மாநிலத்தில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வரும் வலித்தணிப்புச் சேவை உண்டு. இவ்வளவு இருந்தும், மருத்துவமனைக்குக் கட்டிடம், மெஷின் என்று திட்டமிடுகிறவர்களுக்குச் சமூகப் பணியாளர் பணியிடம் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது என்பது என் வருத்தம். கதிர்வீச்சு மெஷினுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், ஒரு சமூகப் பணியாளரின் சம்பளம் எம்மாத்திரம்? பாதியில் நின்றுவிட்டவரை ஒரு போன் போட்டு மறுபடி வரவழைக்க அவரால்தானே முடியும்?

வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால், முதல் நாளே சமூகப் பணியாளர் யார் என்று விசாரியுங்கள். சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் கிடையாது. துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை. அதற்குரிய படிவத்தில் மருத்துவமனையின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, முன்பதிவுக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். மனம் விட்டுப் பேச ஆள் வேண்டும் என்று தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். நோயாளியைக் கவனித்துக்கொள்கிறவர்களும் கூப்பிடலாம்.