பார்பரெஸ்கோ குடியானவர்களும் அவர்தம் ஒரே முத்திரையும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கூட்டுறவைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். சட்டத்தையும் துணைவிதிகளையும் விளக்கிப் பேசுவோர் உங்களுக்குப் பலர் உளர். அவ்வேலையை அவர்களுக்கே விட்டுவிடுவோம். நாம் இன்று ஓர் ஊரின் வரலாற்றைச் சொல்ல விழைகிறோம். அவ்வூர் இத்தாலி தேசத்தில் உள்ளது. பெயர் பார்பரெஸ்கோ. அங்கே விளையும் பண்டம் திராட்சை; அதிலிருந்து ஆக்கப்படுவது ஒயின் எனப்படும் சிவந்த மது.

மது என்றதும் முன் வரிசையில் சிலர் புன்னகை புரிவதைக் காண்கிறோம். குடியினால் அழிந்த குடும்பங்களை இவ்வட்டாரத்தில் எத்தனையோ பார்த்தவர்கள் நாம். மதுவின் புகழைப் பாட இங்கு வரவில்லை. அந்நாட்டு மக்கள் அதனை உணவோடு சிறிதளவு அருந்துவதைத் தலைமுறை தலைமுறையாக வழக்கமாகக் கொண்டவர்கள். நமக்கு வேண்டுவது அந்தக் குவளைக்குப் பின்னால் நிற்கும் ஐந்து ஏக்கர்க் குடியானவனின் கதையே.

இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஆல்ப்ஸ் மலைகளுக்குத் தெற்கே, பியமோன்தே என்றொரு மாநிலம் இருக்கிறது. மலையடி என்பதே அப்பெயரின் பொருள். அங்கே தனரோ என்னும் ஆற்றின் கரையில் அல்பா என்ற பட்டணமும், அதற்கு அருகில் ஒரு குன்றின் முதுகில் பார்பரெஸ்கோவும் அமைந்துள்ளன. ஆயிரம் பேர்கூட வசியாத ஊர். பழங்காலத்துக் கோபுரம் ஒன்று, ஒரு மாதாகோவில், ஒரு தெரு. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைக் கொடிகள். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலிட்டுக் கொடி படரவிடுவதுபோல் அங்கே செய்வதில்லை. சரிவுகளில் கம்பி கட்டி, வரிசை வரிசையாக நிறுத்தி வளர்க்கின்றனர்.

பயிராகும் ரகத்தின் பெயர் நெப்பியோலோ. மூடுபனியைக் குறிக்கும் அவர்கள் மொழிச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததென்பர். முன்னதாகத் துளிர்த்துப் பின்னதாகப் பழுக்கும் பிடிவாதக்காரப் பயிர் இது. மற்ற ரகங்களெல்லாம் வீடு சேர்ந்த பிறகு, அக்டோபர் மாதத்தில், குன்றுகளைப் பனி மூடும் காலத்தில்தான் இதை அறுவடை செய்ய முடியும். அதற்குள் ஆலங்கட்டி மழை பெய்தாலும் போயிற்று, அடைமழை பிடித்தாலும் போயிற்று. ஆகவே வெயில் நன்கு படும் தெற்குச் சரிவுகளையே இதற்கு ஒதுக்குவர். குளிர்காலத்தில் எந்தச் சரிவில் உறைபனி முதலில் உருகுகிறதோ அதுவே நெப்பியோலோவுக்கு ஏற்ற நிலம் என்பது அங்குள்ள முதியோர் கண்ட கணக்கு. எஞ்சிய சரிவுகளில் தோல்செத்தோ, பார்பெரா முதலிய வேறு ரகத் திராட்சைகளையும், கொட்டை மரங்களையும் வைத்தனர். ஒன்று பொய்த்தால் மற்றொன்று சோறு போடும் என்பதை நம் உழவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

சுண்ணாம்பு கலந்த அந்த மண்ணில் விளையும் நெப்பியோலோவின் மது, நிறத்தில் அத்தனை அடர்த்தியானதன்று. மாணிக்கம்போல் வெளிறிய சிவப்பு. ஆண்டுகள் செல்லச் செல்லச் செங்கல் நிறம் ஏறும். ரோஜாவின் மணமும் தாரின் மணமும் ஒருங்கே வீசுமென்பர். துவர்ப்பு மிகுதி. அந்தத் துவர்ப்பு அடங்கி இனிமை பெறக் காலம் வேண்டும். அடுத்துள்ள பரோலோ வட்டாரத்திலும் இதே திராட்சைதான். ஆயினும் பார்பரெஸ்கோ அதனினும் மென்மையானது, சீக்கிரம் பக்குவப்படுவது என்பது அறிந்தோர் கூற்று.

இத்தகைய பொருளை விளைவித்தவர்கள் நெடுங்காலம் ஏழைகளாகவே இருந்தார்கள். காரணத்தை நீங்களே ஊகித்துவிடுவீர்கள். பறித்த திராட்சை காத்திருக்காது. குடியானவன் அதனை வண்டியிலேற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவான். தரகர் வந்து பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், அப்பால் போய்விடுவார். பொழுது சாயச் சாயப் பழம் கசியத் தொடங்கும், விலையும் இறங்கும். திரும்ப எடுத்துப்போய் என்ன செய்வது? கொடுத்த விலைக்குத் தள்ளிவிட்டு வீடு திரும்புவான். இதைவிட வேடிக்கையான சங்கதி ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரையில், பார்பரெஸ்கோவில் விளைந்த திராட்சை பரோலோ என்னும் பெயருடைய மதுவைச் செய்வதற்கு விற்கப்பட்டுவந்தது. உழைப்பு இவ்வூராருடையது, கீர்த்தி அவ்வூராருடையது.

இதை மாற்ற முதலில் முனைந்தவர் தொமிசியோ கவாத்சா என்னும் வேளாண் அறிஞர். அல்பாவில் இருந்த திராட்சை வளர்ப்பு, மது ஆக்கப் பள்ளியின் தலைவர் அவர். பார்பரெஸ்கோவில் நிலமும் பழைய கோட்டையும் வாங்கி அங்கேயே குடியேறினார். 1894ஆம் ஆண்டில் ஒன்பது திராட்சை விவசாயிகளைச் சேர்த்து, அந்தக் கோட்டையிலேயே கூட்டு மதுச்சாலை ஒன்றை ஏற்படுத்தினார். ஊரின் பெயரையே மதுவுக்கும் சூட்டினார். அவர் 1913இல் காலமானார். பின்னர் 1920களில், பாசிச ஆட்சியின் பொருளாதாரக் கெடுபிடிகளில் அந்த ஸ்தாபனம் மூடப்பட்டுவிட்டது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கூட்டு முயற்சி ஏதுமில்லை. மறுபடியும் வண்டி, மறுபடியும் தரகர்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிலைமை இன்னும் முற்றியது. துரின் நகரத்து மோட்டார்த் தொழிற்சாலைகள் இளைஞர்களை இழுத்தன. அல்பாவில் 1946இல் தொடங்கிய பெரேரோ மிட்டாய்த் தொழிற்சாலையும் வளர்ந்தது. அந்தத் தொழிற்சாலை ஒரு நல்ல காரியம் செய்தது: குன்றுகளுக்குப் பேருந்து அனுப்பி, ஆட்களை வேலைக்கு அழைத்துச் சென்று மாலையில் ஊரிலேயே கொண்டுவந்து விட்டது. அதனால் பலர் நிலத்தை விட்டு முற்றிலும் அகலவில்லை. ஆனாலும் வாலிபர் இல்லாத கிராமத்தில் எத்தனை நாளைக்குக் கொடிக்குக் கவாத்துச் செய்ய முடியும்?

இந்நிலையில்தான் 1958ஆம் ஆண்டு வந்தது. ஊர்ப் பாதிரியார் பியொரீனோ மரெங்கோ, சிறு நிலக்காரர்கள் தனித்தனியே நின்றால் ஊரே காலியாகிவிடும் என்பதைக் கண்டார். பத்தொன்பது குடும்பத்தாரை ஒன்று சேர்த்தார். ப்ரொடுத்தோரி தெல் பார்பரெஸ்கோ, அதாவது பார்பரெஸ்கோ உற்பத்தியாளர்கள் என்னும் கூட்டுறவு ஸ்தாபனம் பிறந்தது. கட்டடம் கட்டப் பணமில்லை. முதல் மூன்று ஆண்டுகளின் மதுவை மாதாகோவிலின் நிலவறையிலேயே ஆக்கினார்கள். பிறகுதான் கோவிலுக்கு எதிரே, அதே சதுக்கத்தில், சொந்தச் சாலை எழுந்தது. இன்றும் அது அங்கேயே இருக்கிறது. கட்டடத்திற்கு மானியம் வந்தால்தான் சங்கம் ஆரம்பிப்போம் என்று சொல்லும் அன்பர்களுக்காக இதனைச் சற்று அழுத்திச் சொல்கிறோம்.

இன்று அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அங்கம் வகிக்கின்றன. எல்லோருடைய நெப்பியோலோ நிலத்தையும் கூட்டினால் 100 ஹெக்டேருக்குச் சிறிது மேல், அதாவது 250 ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல் வரும். வகுத்துப் பாருங்கள்: சராசரி, குடும்பத்திற்கு ஐந்து ஏக்கர். நிலத்தை அவர்கள் ஒன்றாக்கிவிடவில்லை. வரப்பு வரப்பாகவே இருக்கிறது. கவாத்தும் களையெடுப்பும் அவரவர் பொறுப்பு. பொதுவாக இருப்பவை பீப்பாயும் முத்திரையும்.

அவர்களுடைய நிபந்தனைகளில் இரண்டை நாம் உற்றுநோக்க வேண்டும்.

முதலாவது, அங்கத்தினர் தம் நெப்பியோலோ முழுவதையும் ஸ்தாபனத்திற்கே கொடுத்தாக வேண்டும். பாதி இங்கே, பாதி வெளியே என்பது கிடையாது. நம் நாட்டில் எத்தனை சங்கங்கள் இந்த ஓட்டையினால் மூழ்கின என்பது இங்கிருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். முதல்தரச் சரக்கு வியாபாரிக்கு, கழிவு சங்கத்திற்கு. பிறகு சங்கத்துப் பொருள் சரியில்லையென்று நாமே புகார் சொல்வது. வியாபாரி ஒரு வருஷம் இரண்டு காசு கூடக் கொடுப்பார், மெய்தான். அந்த இரண்டு காசு எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதை பார்பரெஸ்கோக்காரர் கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டாவது, விலை எடையை மட்டும் பொறுத்ததன்று. பழத்தின் சர்க்கரை முதலிய தரத்தை அளந்து பணம் கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே விலை என்பது கேட்க நியாயமாகத் தோன்றும். நம் அனுபவத்தில் அது உழைத்தவனைச் சோம்பேறியாக்கும் வழி. தரத்திற்கு விலை என்றால் குடியானவனே மகசூலைக் குறைத்துக்கொள்கிறான். கோடையில் நல்ல குலைகளில் சிலவற்றையே வெட்டித் தரையில் போடுகிறான். மீதியுள்ளவை நன்கு பழுக்கட்டுமென்று. பார்பரெஸ்கோவுக்கான சட்டமே ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல் எடுக்கலாகாது என்கிறது. ஏக்கருக்கு மூன்றேகால் டன். நம் பன்னீர்த் திராட்சை உழவர் இதைக் கேட்டால் நகைப்பார். அவர் எடுப்பது இதைப்போல் பன்மடங்கு. ஆனால் அவருடையது தின்னும் பழம், சந்தை வேறு. அளவை ஒப்பிட்டுப் பயனில்லை.

சட்டம் என்றோமே, அதனையும் சொல்லிவிடுவோம். இத்தாலிய அரசு 1966இல் பார்பரெஸ்கோ என்னும் பெயருக்குப் பாதுகாப்பளித்தது. 1980இல் அதைவிடக் கண்டிப்பான வகுப்பிற்கு உயர்த்தியது. பார்பரெஸ்கோ, நெய்வே, த்ரெய்சோ ஆகிய ஊர்களிலும் அல்பாவின் ஒரு பகுதியிலும் விளைந்த நெப்பியோலோ மட்டுமே அப்பெயரைத் தாங்கலாம். வேறு திராட்சை ஒரு துளியும் கலக்கலாகாது. குறைந்தது 26 மாதம் பக்குவப்படுத்த வேண்டும். அதில் 9 மாதம் மரப்பீப்பாயில். 2020 அக்டோபரில் பறித்த பழத்தின் மது 2023 ஜனவரிக்கு முன் கடைக்கு வர இயலாது. ரிசெர்வா எனப்படும் உயர்ந்த வகைக்கு 50 மாதம்.

இதைக் கேட்டவுடன் உங்களில் ஒருவர் கேட்கக்கூடும்: இரண்டு வருஷத்திற்குமேல் சரக்கு பீப்பாயில் தூங்கினால் அதுவரை வீட்டில் அடுப்பெரிவது எப்படி? சரியான கேள்வி. ஐந்து ஏக்கர்க்காரன் தனியாக இதைத் தாங்க முடியாது என்பதுதான் கூட்டுறவின் முதற்காரணம். பழைய ஆண்டுகளின் சரக்கு விற்கும்போது புதிய ஆண்டின் சரக்கு காத்திருக்க முடிகிறது. முந்திக் கைக்கு வரும் எளிய வகை ஒன்றும் அவர்களிடம் உண்டு. லாங்கே நெப்பியோலோ என்பது அதன் பெயர். முதலாண்டு சேர்ந்த பத்தொன்பது பேருக்கு விற்கப் பழைய சரக்கு ஏதுமில்லை. கடினமான ஆண்டுகள் அவை.

வேறு வழியே இல்லையென்று நாம் வாதிக்கவில்லை. அதே தெருவில் காயா என்னும் குடும்பம் 1859 முதல் சொந்தமாக மது ஆக்கிவருகிறது. 1961 முதல் பிறர் பழத்தை வாங்குவதை நிறுத்தி, தம் நிலத்துப் பழத்தை மட்டுமே கொண்டு உலகப் புகழ் பெற்றது. அக்குடும்பத்தின் புகழால் ஊரின் பெயரும் உயர்ந்தது. கூட்டுறவுக்காரரும் அதனால் பயன்பெற்றனர். முதலும் துணிவும் உடையவர் தனிவழி செல்லட்டும். அவரோடு பகை வேண்டாம்.

பெயர் என்பது எத்தனை எளிதில் உடைந்துவிடும் என்பதற்கு 1986ஆம் ஆண்டைச் சொல்ல வேண்டும். மலிவு மதுவின் வீரியத்தைக் கூட்டிக்காட்டச் சில வியாபாரிகள் மெதில் ஆல்கஹால் என்னும் நஞ்சைக் கலந்தனர். இத்தாலியில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலர் கண்ணிழந்தனர். அந்நாட்டு மது ஏற்றுமதியே சரிந்தது. யோக்கியமாகப் பாடுபட்டவனும் சேர்ந்து அடிபட்டான். எந்தக் குன்றில், எவர் கையால் விளைந்தது என்று காட்டக்கூடிய சரக்குக்கு மதிப்பு கூடியது அதற்குப் பின்புதான் என்று கருதுகிறோம்.

கடைசியாக, நமக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று. அந்த ஸ்தாபனத்தின் நிலங்களில் அசிலி, ரபாயா, பொரா, மொந்தெஸ்தெபனோ முதலிய ஒன்பது சரிவுகள் தனிச்சிறப்புடையவை. நல்ல விளைச்சல் கண்ட ஆண்டுகளில் இந்த ஒன்பதின் மதுவையும் தனித்தனியே புட்டியிலடைத்து, அந்தச் சரிவின் பெயரோடு, அங்கே பாடுபட்ட குடும்பங்களின் பெயர்களையும் முத்திரைத் தாளில் அச்சிடுகிறார்கள். விளைச்சல் சுமாரான ஆண்டுகளில் தனிப்புட்டி கிடையாது. அசிலியின் பழமும் பெயரற்ற சரிவின் பழமும் ஒரே தொட்டியில் கலந்து பார்பரெஸ்கோ என்ற ஒரே பெயரில் போகும். சிறந்த நிலத்துக்காரர் தம் பெயரை அந்த வருஷம் விட்டுக்கொடுக்கிறார். அந்தச் சிறந்த பழத்தினால் எல்லோருடைய புட்டியும் நன்றாகிறது.

2014இல் அக்குன்றுகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பிள்ளைகள் கைவிட்டுப் போக இருந்த நிலத்தின் விலை இன்று வெளியார் வாங்க அஞ்சும் அளவுக்கு ஏறியிருக்கிறது. அதனால் புதிய தொல்லையும் முளைத்திருக்கிறது: சகோதரர்கள் பாகம் பிரிக்கும்போது ஒருவர் நிலத்தை வைத்துக்கொண்டு மற்றவருக்குரிய பணத்தைக் கொடுப்பது எளிதாக இல்லை. சென்ற தலைமுறையில் யாரும் வேண்டாமென்ற சரிவுக்கு இப்போது பங்காளிகள் முறை வைத்து நிற்கிறார்கள்.