பற்றாக்குறையும் கணிப்பொறி விலையும்

பொருள் குறைந்தால் விலை ஏறும் என்பது பொருளாதாரத்தின் அரிச்சுவடி. ஆனால் கணிப்பொறி உறுப்புகளின் சந்தையில், பொருள் குறையுமுன்பே விலை ஏறியதுண்டு. உற்பத்தி மீண்ட பின்பும் விலை இறங்காது நின்றதுண்டு. எனவே பற்றாக்குறையை மூன்றாகப் பகுத்து நோக்குதல் நலம். விபத்தாலும் இயற்கையாலும் எழுவது ஒன்று. அச்சத்தால் பெருகுவது மற்றொன்று. விற்போரால் படைக்கப்படுவது பிறிதொன்று.

முதல் வகைக்குச் சான்று தாய்லாந்து. உலகின் வன்தட்டு உற்பத்தியில் பெரும்பங்கு வகித்த அந்நாட்டில், 2011 அக்டோபரில் பெருவெள்ளம் தொழிற்பேட்டைகளை மூழ்கடித்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் பாங்பாஇன் ஆலையும் அதற்குத் தப்பவில்லை. சில வாரங்களில் பல சந்தைகளில் வன்தட்டு விலை ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஆலைகள் படிப்படியாக மீண்டும் இயங்கலாயின. ஆயினும் 2012ஆம் ஆண்டிலும் விலை பழைய நிலையை எட்டவில்லை. அக்காலத்திலேயே நிறுவன இணைப்புகளால் உற்பத்தியாளர் ஐவர் மூவராகக் குறைந்தனர். போட்டி சுருங்கிய இடத்தில் விலை விரைந்து ஏறும், மெல்லவே இறங்கும்.

இரண்டாம் வகையை ஜப்பானில் காணலாம். 1993 ஜூலையில் நீஹாமா நகரிலுள்ள சுமிட்டோமோ இரசாயன ஆலையில் வெடிவிபத்து நிகழ்ந்தது. சில்லுகளுக்கு உறையிடும் பிசினில் உலகத் தேவையின் பாதிக்கு மேல் அங்குதான் உற்பத்தியானது. செய்தி பரவியதும் வணிகர்கள் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவித்தனர், விலை பாய்ந்தேறியது. ஆனால் பிசின் கையிருப்பும் மாற்று வழங்குநரும் இருந்தமையால், அஞ்சிய அளவுக்குச் சில்லு உற்பத்தி முடங்கவில்லை. விலையை உயர்த்தியதில் இழப்பைவிட அச்சத்தின் பங்கே பெரிது.

மூன்றாம் வகை ஆராய்ச்சிக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் உரியது. நினைவகச் சில்லு நிறுவனங்கள் சில, 1999 முதல் 2002 வரையிலான காலத்தில் தமக்குள் கூடி விலையை நிர்ணயித்தன. இதற்காக அமெரிக்காவில் சாம்சங் நிறுவனம் 2005இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலர் அபராதம் செலுத்த இசைந்தது. கூடிச் சதி செய்யாமலும் தட்டுப்பாட்டுத் தோற்றத்தை உண்டாக்கலாம். “இன்னும் இரண்டே எஞ்சியுள்ளன”, “இச்சலுகை இன்று மட்டும்” என்னும் அறிவிப்புகள் வாங்குவோரின் ஒப்பிட்டு நோக்கும் பொறுமையைப் பறிப்பன. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இத்தகைய பொய்யான அவசரத்தை ஏமாற்று உத்திகளுள் ஒன்றாக வகைப்படுத்தின.

அரசு அலுவலகங்களும் கல்வி நிலையங்களும் இதில் கருத வேண்டியது யாது? நிதி ஒதுக்கீடு வரையறுக்கப்பட்டது. விலை இருமடங்கானால் நாற்பது கணிப்பொறி பெறவேண்டிய பள்ளிக்கு இருபதே கிட்டும். இழப்பு மாணவனைச் சாரும். ஆதலின் உயர்ந்த விலையை ஏற்குமுன் மூன்று வினாக்கள் எழுப்புதல் கடமை: எந்த ஆலையில், எவ்வளவு உற்பத்தி குறைந்தது? மாற்று வழங்குநர் உளரா? காத்திருந்தால் பணி கெடுமா? பெயரைச் சுட்டாது தேவையான திறனைச் சுட்டிக் கேட்பதும், கொள்முதலைத் தவணைகளாகப் பிரிப்பதும் பேரம் பேசும் வலிமையைக் காக்கும்.

உண்மையான பற்றாக்குறையைத் திட்டமிட்டுச் சமாளிக்கலாம். அச்சத்தை விவரங்களால் தணிக்கலாம். பொய்யான தட்டுப்பாட்டைச் சட்டத்தால் தடுக்கலாம். இன்னதென அறியாது விரைந்து வாங்குவதே பொதுப்பணத்துக்குப் பெருங்கேடு.