போர்டும் வாரியமும்



பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ‘போர்டிங் அண்டு லாட்ஜிங்’ என்று எழுதிய போர்டைப் பார்த்திருப்பீர்கள். தொங்குகிற பலகையும் போர்டு, உள்ளே போடுகிற சாப்பாடும் போர்டு. ஆங்கிலத்தில் அதற்குப் பழைய பொருள் பலகைதான். கால் வைத்து நிறுத்தியதும் அது சாப்பாட்டு மேசையானது. மேசையின் பெயர் சாப்பாட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கணக்கு வழக்குப் பேசியவர்களும் போர்டு ஆனார்கள். 1786-இல் கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னையில் ஏற்படுத்திய ரெவின்யூ போர்டு அப்படிப்பட்டதுதான்.

1957-இல் மின்சாரத்துக்கு ஒரு போர்டு வந்தது. அதற்குத் தமிழில் ‘வாரியம்’ என்றார்கள். இது யாரோ புதிதாகக் காய்ச்சிய சொல் இல்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து மண்ணிலேயே கிடந்தது.

அந்தச் சொல்லுக்கு வருமுன், அதே மாவட்டத்துக் கூரம் கிராமத்தைப் பார்ப்போம். அதற்குப் பெயர் வாங்கித் தந்தது பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பரமேசுவர தடாகம், பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு வாய்க்கால், மண்டபத்தில் பாரதம் படிப்பவருக்கு ஒரு பங்கு, தண்ணீருக்கும் நெருப்புக்கும் ஒரு பங்கு என்று ஒவ்வொரு வேலைக்கும் வழி சொல்கிறது.

இருநூறு ஆண்டு கழித்து உத்திரமேரூரில் அந்த ஏற்பாடு வேறு உருவம் எடுத்தது. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், சபையார் கோயில் சுவரில் விதிகளை வெட்டிவைத்தார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம், பொன் வாரியம் எல்லாம் அங்கே இருக்கின்றன. முப்பது குடும்புகளிலும், அதாவது வார்டுகளிலும், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பதவி 360 நாள். இருந்தவர் மூன்றாண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவினரும் உள்ளே வரமுடியாது!

ஜனநாயகத்தின் தொட்டில் என்று இதை மேடையில் கொண்டாடுகிறோம். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். கால் வேலி நிலமும் வேதப் படிப்பும் உள்ள, 35 வயதுக்கு மேற்பட்ட பிராமண ஆண்களின் சபை அது. பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் குடத்தில் ஓலை இல்லை. ஆனால் கணக்கு விஷயத்தில் அவர்கள் காட்டிய கெடுபிடியை இன்றைய வாரியங்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பேன்.

2010-இல் மின்வாரியத்தைப் பிரித்துக் கழகங்கள் ஆக்கினார்கள். கரண்டு போனால் நாம் இன்னும் ஈ.பி.க்குத்தான் போன் போடுகிறோம்.