தரங்கம்பாடியில் இரண்டு நாள்

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு விடுமுறை என்றால் பெரும்பாலும் சொந்த ஊர்ப் பயணமே. திருமணம், காதுகுத்து, குலதெய்வ வழிபாடு, முதியோரைக் கண்டு நலம் வினவுதல் ஆகிய கடமைகளிலேயே அந்நாட்கள் கழிந்துவிடும். தமிழ்நாட்டைக் காண்பதற்கென்றே தமிழ்நாட்டிற்குச் செல்வோர் நம்மில் சிலரே. அவ்வாறு குடும்பத்துடன் சென்று வந்த இரண்டு நாட்பயணம் ஒன்றைப் பற்றி உங்களுடன் பேச விரும்புகிறேன்.

நான் வாழும் ஊர் பொம்மசந்திரா. பெங்களூருக்குத் தெற்கே, ஒசூர்ச் சாலையில், தொழிற்பேட்டையால் வளர்ந்த ஊர். வேலை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்குப் பல. அத்திப்பள்ளியைக் கடந்தால் தமிழக எல்லை வந்துவிடும். எல்லை அண்மையில் இருப்பினும் தமிழ் எழுத்து எங்கள் பிள்ளைகளுக்கு அண்மையில் இல்லை. என் மகளுக்கு வயது பதின்மூன்று, மகனுக்கு ஒன்பது. வீட்டில் தமிழ் பேசுவர். தெருவில் தடையின்றிக் கன்னடம் பேசுவர். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் பயில்வர். தமிழ் எழுத்திற்குப் பள்ளியில் இடம் இல்லை. நானோ மைய அரசில் மொழிபெயர்ப்பாளன். பகல் முழுவதும் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குகிறேன். என் தாய் பேரனுக்குத் தமிழில் எழுதும் கடிதத்தை அப்பேரனுக்கு நானே படித்துக் காட்டுகிறேன். இத்தகைய வீடுகள் பிற மாநிலங்களில் எத்தனையோ உள்ளன.

பிள்ளைகள் கடல் பார்க்க வேண்டும் என்றனர். புதுச்சேரிக்குப் போகலாம் என்றாள் என் மனைவி. தரங்கம்பாடிக்குப் போகலாம் என்றேன் நான். அங்குக் கடலும் உண்டு, கோட்டையும் உண்டு. என் தொழிலின் முன்னோரும் உண்டு.

பெங்களூரில் மாலையில் இரயிலேறினால் மறுநாட் காலையில் மயிலாடுதுறையை அடையலாம். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். செம்பனார்கோயில், திருக்கடையூர் ஆகிய ஊர்களைக் கடந்து, வயல்களினூடே செல்லும் சாலை அது. முன்னாளில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கிளை இரயிற்பாதையும் இருந்தது. 1926-இல் திறக்கப்பட்ட அப்பாதை 1986-இல் மூடப்பட்டது.

ஊருக்குள் நுழைவாயிலாக நிற்பது 1792-இல் கட்டப்பட்ட வெண்ணிற வாயில். அதனைக் கடந்தால் அகன்ற ஒரு வீதி நேரே கடலுக்குச் செல்கிறது. வீதியின் இருபுறமும் பழைய மாளிகைகளும் தேவாலயங்களும். கடலோரத்தில் டான்ஸ்போர்க் கோட்டை. 1620-இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர் எழுப்பிய கோட்டை இது. 1845-இல் அவர்கள் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். அதன்பின் வணிகம் வேறு துறைமுகங்களை நாடிச் செல்ல, ஊர் அமைதியில் ஆழ்ந்தது.

ஆயினும் இவ்வூரின் வரலாறு டேனிஷ்காரருடன் தொடங்குவதன்று. கடற்கரையிலேயே மாசிலாமணிநாதர் கோயில் உள்ளது. 1306-ஆம் ஆண்டளவில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது அது. அக்காலக் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலையில் இவ்வூர் மீனவர் இழந்தவை கட்டடங்களினும் பெரியவை.

கோட்டையினுள் நின்றுகொண்டு பிள்ளைகளுக்கு ஒரு மடலைப் பற்றிக் கூறினேன். இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கு ஒரு பொன்னோலை விடுத்தார். அது இன்றும் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. மடல் தமிழில் எழுதப்பட்டது. மன்னர் ஒப்பமிட்டது தெலுங்கில். தம் மொழி ஒன்று, தம் நாட்டார் மொழி ஒன்று. இரண்டையும் ஒரே ஓலையில் இடம்பெறச் செய்தார் அம்மன்னர். “அப்படியானால் அவரும் நம்மைப்போலத்தான்” என்றாள் என் மகள். வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் வழங்கும் வாழ்வு தனக்கு மட்டுமே நேர்ந்ததன்று என்பதை அவள் அங்கே உணர்ந்தாள்.

உண்மையில் அன்றைய தரங்கம்பாடியே பல மொழிகளின் சந்தை. ஆட்சி டேனிஷ் மொழியில். ஐரோப்பியரும் நம்மவரும் பேசிக்கொண்டது போர்த்துகீசியத்தில். மக்கள் மொழி தமிழ். அத்தகைய ஊரில் 1706 ஜூலை 9-ஆம் நாள் வந்திறங்கினார் ஜெர்மானியரான பர்த்தலோமேயு சீகன்பால்கு. மறுநாள் அவருக்கு வயது இருபத்துநான்கு நிறைந்தது. சமயப் பணிக்காக வந்த அவருக்குத் தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. முதியவரான ஓர் ஆசிரியரைத் தம்மிடத்திற்கு வரவழைத்தார். அவர் மாணவச் சிறுவர்களுடன் வந்தார். அச்சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி, அரிச்சுவடி கற்றார் சீகன்பால்கு.

இதனைக் கேட்ட என் மகன், “பெரியவர் ஒருவர் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்படவில்லையா?” என்று வினவினான். “படிக்க வந்தவருக்கு வெட்கம் எதற்கு?” என்றாள் அவன் தாய்.

சில ஆண்டுகளில் அவர் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் ஏட்டுச் சுவடிகளைத் திரட்டி, அவற்றிற்கு விளக்கப் பட்டியலும் எழுதினார். 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. தமிழ் அச்சேறியது அப்போதுதான் முதன்முறை அன்று. 1578-லேயே கொல்லத்தில் “தம்பிரான் வணக்கம்” அச்சாகியிருந்தது. ஆயினும் அம்முயற்சி நீடிக்கவில்லை. தரங்கம்பாடி அச்சகமோ தொடர்ந்து நடந்தது. ஹாலே எழுத்துகள் அளவிற் பெரியனவாக இருந்தமையால் சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன. அதற்கு வேண்டிய ஈயம் இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் மூடிகளிலிருந்து கிடைத்தது என்பர். அருகிலுள்ள பொறையாற்றில் காகித ஆலையும் நிறுவப்பட்டது. 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாகத் தமிழில் அச்சாயிற்று.

அம்மொழிபெயர்ப்பின் நடையை வீரமாமுனிவர் கடுமையாகக் கண்டித்தார். குறையின்றி எழும் மொழிபெயர்ப்பு உலகில் இல்லை. என் அனுபவமும் அதுவே. என்னை மிகவும் ஈர்ப்பவர் அழகப்பன் என்னும் துபாஷி. போர்த்துகீசியம் முதலிய ஐரோப்பிய மொழிகளை அறிந்திருந்த அவரே சீகன்பால்குவிற்குத் தொடக்கத்தில் தமிழின் வாயிலைத் திறந்துவிட்டவருள் ஒருவர். சீகன்பால்கு 1719-இல் மறைந்து, 1718-இல் தாம் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் கல்லறையைப் பலரும் காண்கின்றனர். அழகப்பனை நினைப்பார் சிலரே.

பிற்காலத்தில் இவ்வூரில் முன்சீப்பாகப் பணியாற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையையும் இங்கு நினைத்தல் தகும். “பிரதாப முதலியார் சரித்திரம்” எழுதிய அப்பெருமகனார் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862-இல் வெளியிட்டார். ஆட்சியும் நீதியும் மக்கள் மொழியில் விளங்க வேண்டும் என்று உழைத்த அவர், அலுவலக மொழிபெயர்ப்பாளராகிய எங்கட்கெல்லாம் வழிகாட்டி.

இரண்டாம் நாள் மாலை. கடற்கரையில் என் மகன் ஈர மணலில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். பேருந்து நிலையப் பலகையில் கண்ட ஊர்ப் பெயரை நினைவிலிருந்து எழுதுகிறான் எனக் கண்டேன். அருகில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, ‘ப’வுக்கு ஒரு கால் போடு. இல்லாவிட்டால் எங்கள் ஊர் வெறும் படியாகப் போய்விடும்” என்றார். அவன் காலைப் போட்டான். பிறகு தன் பெயரையும் தமக்கையின் பெயரையும் எழுதக் கற்பிக்குமாறு அவரிடமே கேட்டான். இருட்டும் வரை பாடம் நடந்தது.

நேயர்களே, நாம் வாழும் மாநிலத்தின் மொழியை நம் பிள்ளைகள் நன்கு கற்க வேண்டும். சோறிடும் மண்ணுக்கு அது நாம் செலுத்தும் மரியாதை. அதற்காகத் தமிழெழுத்தைக் கைவிட வேண்டுவதில்லை. 247 எழுத்துகள் என்று அஞ்சுவோர் உண்டு. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக முப்பத்தொன்று. உயிர்மெய் எழுத்துகள் பெரும்பாலும் இவற்றோடு காலும் கொம்பும் சுழியும் சேர்வதால் அமைவன. நாளுக்கு ஓரெழுத்து என்று கொண்டால் ஒரு திங்களில் அடிப்படை அமைந்துவிடும். இதற்குப் பள்ளியும் கட்டணமும் வேண்டா. இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடமும், அருகில் அமரும் ஒரு பெரியவரும் போதும். எங்கள் வீட்டில் அப்பாடம் இப்போது உயிர்மெய்யை எட்டியிருக்கிறது.

அடுத்த விடுமுறையில் இரண்டு நாள் ஒதுக்க இயலுமாயின், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தரங்கம்பாடிக்குச் சென்று வாருங்கள். கோடையில் வெயில் கடுமை; தை, மாசி மாதங்கள் ஏற்றவை. கோட்டையையும் கோயிலையும் கல்லறையையும் கண்ட பின், மாலையில் மணலில் அமருங்கள். பிள்ளைகளின் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டுங்கள். மற்றதை அவர்களே கேட்பார்கள்.