பினாங்குக் கடலில் இரண்டு தீவுகள்



சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டப் பள்ளி மாணவர்களை ஒருநாள் பயணமாகப் பினாங்குக்கு அழைத்துச் சென்றோம். 2008ஆம் ஆண்டு உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ்டவுன் நகரைப் பார்த்தவர் நம்மில் பலர் உண்டு. அதற்குத் தெற்கே கடலில் கிடக்கும் சிறு தீவுகளுக்குப் போனவர் மிகச் சிலரே. ஆகவே படகு பிடித்தோம். லயத்துப் பாட்டி ஒருவரும் உடன் வந்தார். "எங்க ஆத்தா இறங்குன எடத்த ஒரு தடவ பாத்துடணும் வாத்தியாரையா" என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்.

முதலில் புலாவ் அமான். சின்ன மீனவர் கிராமம். நூறாண்டு கடந்ததாகச் சொல்லப்படும் ஈரப்பலா மரம் ஒன்று அங்கே நிற்கிறது. பிள்ளைகளுக்கு மரத்தைவிட இறால் மீதான் பிடித்தது.

அடுத்தது புலாவ் ஜெரெஜாக். சுமார் 900 ஏக்கர், பெரும்பகுதி காடு. 1870களில் இங்கே தொழுநோயாளர் இல்லமும், கப்பலில் வந்தவர்களுக்கான நோய்த்தடுப்பு முகாமும் அமைந்தன. அம்மை, காலரா போன்ற நோய்கள் ஊருக்குள் பரவாதிருக்க, வந்தவர்களைச் சில நாள் நிறுத்தி வைத்துச் சோதித்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். பால்மரக் காட்டுக்கு வந்த நம் முன்னோர் பலர் இம்மண்ணில் முதல் சோறு உண்டது இங்கேதான். பிற்காலத்தில், 1969 முதல் 1993 வரை, இத்தீவு சிறையாகவும் இருந்தது.

ருஷ்ய மாலுமிகளின் கல்லறை ஒன்றும் இங்குண்டு. 1914 அக்டோபர் 28 அன்று எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல், பினாங்குத் துறைமுகத்தில் நின்ற ருஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. ஆம், அதற்கு முந்திய மாதம் சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான்! பொல்லாதவனை நாம் 'எம்டன்' என்பது அதனால் வந்தது.

பாட்டியின் தாயார் 1930களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். கைக்குழந்தையை இம்முகாமில் பறிகொடுத்துவிட்டுத் தோட்டத்திற்குப் போனவர். புதைத்த இடம் எதுவென்று யாருக்கும் தெரியாது. நாங்களும் வெகுநேரம் புதர்களுக்கிடையே நடந்து பார்த்தோம். அடையாளம் ஏதும் கிடைக்கவில்லை. கடைசியில் பாட்டி, கொண்டு வந்த வெற்றிலை பாக்கையும் பூவையும் அந்த மாலுமிகளின் கல்லறையில் வைத்தார். "இதுவும் பெத்தவ பக்கத்துல இல்லாம செத்த புள்ளதானே" என்றார்.

படகுக்காரர் அழைத்தார், திரும்பினோம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றிரவே கேளுங்கள்: எந்தத் துறைமுகம், எந்தக் கப்பல், முதலில் சேர்ந்த தோட்டம் எது, வழியில் இழந்தவர் யார்? கேட்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள். எங்கள் பள்ளியில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம். முதல் பக்கத்தில் பெயரிடப்படாத அந்தக் குழந்தையை எழுதியிருக்கிறோம்.