கழுத்துக் கட்டியும் மைக்குரோ ஆர்.என்.ஏ.யும்



கழுத்தில் ஒரு சிறு கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் எவருக்கும் நெஞ்சு திடுக்கிடும். குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி போல அமர்ந்திருக்கும் தைரொயிட்டுச் சுரப்பியில் எழும் கட்டிகளுட் பெரும்பாலானவை தீங்கற்றவை, சிலவே புற்று. இவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம் என்பதே நாம் இன்று பேசப் புகும் பொருள்.

வைத்தியர் மெல்லிய ஊசியைச் செலுத்திச் சில கலங்களை எடுத்து, கண்ணாடித் தட்டில் தடவி, நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்குவர். பெரும்பாலும் விடை தெளிவாகும். ஆயினும், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்கு ‘ஐயத்துக்குரியது’ என்ற விடையே கிடைக்கிறது. காரணம் உண்டு. சிலவகைக் கட்டிகளில், சூழ்ந்துள்ள உறையைக் கலங்கள் துளைத்தனவா என்பதே புற்றைக் காட்டும் அடையாளம். ஊசியில் வரும் கலங்களோ உறையைக் காட்டா. ஆகவே, சுரப்பியின் பாதியையோ முழுவதையுமோ வெட்டியெடுத்துப் பார்க்கிறார்கள். பார்த்தபின், அவற்றுட் பெரும்பாலானவை புற்றல்ல என்று தெரியவருகிறது! அதற்குள் சுரப்பி போய்விட்டது. முழுவதையும் இழந்தவர் ஆயுள் உள்ளவரை நாள்தோறும் தைரொக்சின் குளிசை விழுங்கவேண்டும். அருகே செல்லும் நரம்பு ஊறுபட்டாற் குரலும் கம்மிவிடும். பண்ணிசைப்போருக்கும், எம்போல் மேடையேறிப் பேசுவோருக்கும் இது சிறிய இழப்பன்று.

இவ்விடத்திலேதான் மைக்குரோ ஆர்.என்.ஏ. துணைக்கு வருகிறது. புரதம் செய்யும் கட்டளையைக் கலத்தின் கருவிலிருந்து தூது ஆர்.என்.ஏ. சுமந்து வரும். ஏறத்தாழ 22 எழுத்து நீளமேயுள்ள மைக்குரோ ஆர்.என்.ஏ. அத்தூதிற் போய் ஒட்டிக்கொண்டு, கட்டளை நிறைவேறாது தடுக்கும். விக்டர் அம்புரோஸ், கேரி ருவ்கன் என்பார் 1993இல் ஒரு மில்லிமீற்றர் நீளப் புழுவில் இதனைக் கண்டனர். புழுவின் புதுமைதானே என்று பலரும் பொருட்படுத்தவில்லை. மனிதரிடத்தும் இத்தகையது உண்டென 2000இல் தெரிந்தது. 2024இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தைரொயிட்டின் பப்பிலரி வகைப் புற்றில் 146, 221, 222 என எண்ணிடப்பட்டவை மிகுந்திருப்பதை ஆய்வாளர் 2005இல் அறிவித்தனர். பின்னிரண்டும், கலப்பிரிவுக்குத் தடைபோடும் புரதமொன்றை அடக்கிவிடுவன. ஓடும் வண்டியின் பிறேக்கைக் கழற்றுவது போல.

மிகக் குறுகியதாகையால் இப்பொருள் எளிதிற் சிதையாது. சாயமிட்டுக் காய்ந்த பழைய கண்ணாடித் தட்டிலிருந்தும் இதனை எடுத்து அளக்கலாம். நோயாளியை மறுமுறை ஊசியாற் குத்தவேண்டியதில்லை. மரபணு மாற்றங்களோடு இதனையும் சேர்த்து நோக்கும் சோதனைகள் அமெரிக்காவில் வழக்கிலுள்ளன. அவையும் சிலவேளை தவறும்.

கத்தியும் ஊசியும் வேண்டாம், ஒரு துளி இரத்தம் போதாதோ என்று இளைஞர் கேட்கலாம். நல்ல கேள்வியே. இரத்தத்திலும் இவை மிதக்கின்றன. ஆனால் 221, 222 இரண்டும் வேறு புற்றுக்களிலும் மிகுவன. குழாயிற் செங்குழியங்கள் உடைந்தால், அவற்றுள் இருந்தவையும் கலந்து கணக்கைக் குழப்பிவிடும். ஓர் ஆய்வுகூடத்தார் கண்ட அளவு மற்றோர் ஆய்வுகூடத்தாருக்கு ஒத்துவருவதில்லை. ஆதலால் இரத்தச் சோதனை இன்னும் ஆய்வுகூடத்தளவிலேயே நிற்கிறது. கட்டி கண்டவருக்கு இன்றும் முதலில் வேண்டுவது ஸ்கானும் அந்த மெல்லிய ஊசியுமே.